கேட் அடைத்திருந்த நேரம்

மாசிலாமணி மலைமேல் இருக்கும் வெள்ளிப்பாறை மடத்துக்கு வந்து மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார். காட்டிய இடத்தில் படுத்தார். நான்காம் நாள் காலையில், மடத்தை நடத்தும் திலகவதி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தார்.

அம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. மாசிலாமணிக்கு அறுபத்தொன்று. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் பாடம் கேட்க வந்திருக்கிறோமே என்று அவருக்கு உறுத்தவில்லை. மடத்துக்கு வருமுன் அம்மா நூற்பாலையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர் என்று பஸ்ஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். உடம்பால் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தன் கேள்வி புரியும் என்று அவருக்குப் பட்டது.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அய்யா.”

“நான் ரயில்வேல கேட் கீப்பர். முப்பத்திநாலு வருஷம். அதுல ஓடைக்கரை கேட்ல மட்டும் இருபத்தாறு வருஷம்.”

“சரி.”

“திரும்பிப் பார்த்தா ஒண்ணுமே இல்லம்மா.”

அம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

“வாத்தியாருக்கு அவர்கிட்ட படிச்சவங்க இருக்காங்க. கொத்தனாருக்கு அவர் கட்டின வீடு நிக்குது. பஸ் ஓட்டினவர்கூட இத்தனை பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்னு சொல்லிக்கலாம். நான் போறவங்களை நிறுத்தி வச்சேன். அவ்வளவுதான். ஒருத்தர்கூட என்னைச் சிரிச்ச முகத்தோட பார்த்ததில்ல.”

“விபத்து ஏதாவது?”

“என் கேட்ல ஒண்ணுகூட இல்லம்மா.”

“அது போதாதா?”

“நடக்காததை எங்க போயிம்மா பார்க்கிறது?”

அம்மா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“நான் ரிட்டயர் ஆன வருஷமே கேட்டையும் எடுத்துட்டாங்க. அடியில சுரங்கப்பாதை போட்டாச்சு. இப்ப அங்க யாரும் நிக்கிறதே இல்ல. அப்ப நான் முப்பத்திநாலு வருஷம் என்னதான் செஞ்சேன்?”

அம்மா கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கிணத்துக்குப் போற பாதையில புல்லு மண்டிக் கிடக்கு. செதுக்கிடுறீங்களா?”

கேள்விக்கு இதுவா பதில் என்று மாசிலாமணி நினைத்தார். ஆனாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்றரை நாள் வேலை. இரண்டாம் நாள் மத்தியானம் பாதை சுத்தமாகிவிட்டது, ஒரு இடத்தைத் தவிர. பாதையின் நட்டநடுவில் ஒரு கொத்துப் புல் அப்படியே நின்றது. சுற்றிலும் கவனமாகச் செதுக்கியிருந்தார்.

சமையல் பார்க்கும் நாகப்பன் குடத்தோடு போகும்போது அதில் கால் தடுக்கித் தண்ணீரைக் கொட்டினார். நேரே அம்மாவிடம் போய், “புதுசா வந்தவருக்குக் கண்ணு சரியில்ல போல இருக்கு” என்றார்.

அம்மா வந்து பார்த்தார்.

“இது ஏன் அய்யா நிக்குது?”

மாசிலாமணிக்கு முகம் சுருங்கியது. “மறந்துட்டேம்மா. இதோ எடுத்துடுறேன்.”

“மறந்துட்டீங்களா?”

அவர் மண்வெட்டிப் பிடியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

“இல்லம்மா. இது விதை கட்டிக்கிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு நாள்ல உதிர்ந்துடும். அதுக்கப்புறம் எடுக்கலாமேன்னு…”

“இது என்ன புல்லு?”

“கொழுக்கட்டைப்புல்லு.”

“அந்த வரப்புல இருக்கிறது?”

“அது ஊசிப்புல்லு. வேட்டியில ஒட்டிக்கிட்டா உரிச்சு எடுக்கணும். அதுக்கு இந்தப் பக்கம் தாழ இருக்கிறது அறுகு. தண்ணி தேங்குற இடத்துல இருக்கே, அதைப் புல்லுன்னு சொல்லுவாங்க, புல்லு இல்ல. கோரை. தண்டை உருட்டிப் பார்த்தா மூணு பட்டை இருக்கும்.”

சொல்லச் சொல்ல அவர் குரலில் ஒரு தெம்பு வந்தது. அவருக்கே அது தெரிந்து சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“எத்தனை புல்லு தெரியும்?”

“நாற்பத்தேழு. நான் பார்த்தது அவ்வளவுதான். இன்னும் எவ்வளவோ இருக்கும். பாதிக்குப் பேர்கூடத் தெரியாது. நானே ஏதாவது வச்சுக்குவேன்.” பிறகு அவசரமாகச் சொன்னார். “அது ஒரு பைத்தியக்காரத்தனம்மா. என் பொண்டாட்டி இருந்த வரைக்கும் அதைச் சொல்லித்தான் சிரிப்பா. இங்க வர்றப்பவே விட்டுடணும்னுதான் வந்தேன். ஒருத்தருக்கும் உபயோகமில்லாதது.”

அம்மா கொழுக்கட்டைப்புல்லின் பக்கத்தில், செதுக்கிய தரையிலேயே உட்கார்ந்தார். மாசிலாமணியும் உட்கார வேண்டியதாயிற்று.

“எப்பவெல்லாம் பார்ப்பீங்க?”

“கேட் அடைச்சிருக்கிறப்பதான். திறந்திருக்கிறப்ப அந்தப் பக்கம் கண்ணு போகாது.”

“எப்ப ஆரம்பிச்சது?”

மாசிலாமணி எங்கோ பார்த்தார். கிணற்றுப் பக்கம் நாகப்பன் மறுபடி தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

அது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. சித்திரை மாதம், காலை பதினொன்றரை மணி. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, சரக்கு ரயில் வருகிறது என்று. மாசிலாமணி சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்கினார். அடைத்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக ஸ்டேஷனுக்கு ரகசிய நம்பர் கொடுத்தார். நம்பர் கொடுத்துவிட்டால் ரயில் போகும்வரை யார் சொன்னாலும் கேட்டைத் திறக்கக் கூடாது. அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தால்தான் யாரும் சாகாமல் இருக்கிறார்கள்.

ரயில் வளைவுவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. இன்ஜினில் ஏதோ கோளாறு. எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் ஆட்டோ வந்தது. உள்ளே ஒரு பெண், பக்கத்தில் அவள் மாமியார். அவளுக்கு நிறைமாதம். வலி கண்டு அரை நாள் ஆகியிருந்தது. புருஷன் குதித்து இறங்கி, “கேட்டைத் திறங்க, கேட்டைத் திறங்க” என்று கத்தினான். மாசிலாமணி ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். திறக்காதே, ரயில் எந்த நிமிஷமும் நகரும் என்றார்கள். இறக்கித் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அந்தப் பக்கம் வேறு வண்டி இல்லை. புருஷன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். காலைப் பிடித்தான். மறுபடி சட்டையைப் பிடித்தான்.

இருபது நிமிஷம்.

“அந்தப் பொண்ணோட முகத்தைப் பார்க்க முடியலம்மா” என்றார் மாசிலாமணி. “ஒரு தடவை பார்த்தேன். அதுக்கப்புறம் முடியல. குனிஞ்சுக்கிட்டேன். காலடியில சல்லிக்கல்லுக்கு நடுவுல ஒரு புல்லு. அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். அதுதான் முதல் புல்லு.”

“அப்புறம்?”

“ரயில் போச்சு. திறந்தேன். ஆட்டோ போச்சு. மறுநாள் சொன்னாங்க. தாய் பொழைச்சுக்கிச்சு. குழந்தை தங்கல.”

மூன்றாம் நாள் அந்தப் புருஷன் நடந்தே வந்தான். கேட் முன்னால் நின்றான். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி மாசிலாமணியின் மேல் தூற்றிவிட்டுப் போனான். அதற்குப் பிறகும் கேட்டை ஒவ்வொரு நாளும் அடைக்க வேண்டியிருந்தது. யாராவது வந்து நிற்பார்கள். மாசிலாமணி குனிந்துகொள்வார். குனிந்த இடத்தில் புல் இருந்தது.

“மனுஷங்க முகத்தைப் பார்க்கப் பயந்துதான் புல்லைப் பார்க்க ஆரம்பிச்சேன். அப்புறம் அது பிடிச்சுப் போச்சு. அதான் இன்னும் வெக்கமா இருக்கு. ஒரு குழந்தை போன இடத்துல எனக்கு ஒண்ணு பிடிச்சுப் போச்சே.”

அம்மா கொழுக்கட்டைப்புல்லின் கதிரை விரலால் தடவியபடி கேட்டார்.

“அந்தப் பொண்ணு இப்ப இருக்காளா?”

“பக்கத்துல மேலப்பொட்டல்னு ஊரு. இருப்பாங்கன்னு நினைக்கிறேன். பேரு சீனியம்மாள்.”

“போய்ப் பார்த்துட்டு வாங்க.”

“அம்மா, நான் உங்ககிட்ட கேட்டது வேற.”

“பார்த்துட்டு வாங்க.”

மாசிலாமணி போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஒரு வாரம் கிணற்றில் தண்ணீர் இறைத்தார், விறகு பிளந்தார், நாகப்பனுக்குப் பாத்திரம் கழுவிக் கொடுத்தார். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். கேட்காததுதான் அவரைப் படுத்தியது. எட்டாம் நாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கினார்.

இரண்டு பஸ் மாறி ஓடைக்கரையில் இறங்கினார். கேட் இருந்த இடத்தில் கம்பி வேலி போட்டிருந்தார்கள். அவர் இருந்த அறையை இடித்துவிட்டார்கள். ஒரு லாரி சுரங்கப்பாதைக்குள் வேகம் குறைக்காமல் நுழைந்து அந்தப் பக்கம் ஏறிப் போயிற்று. மாசிலாமணி அங்கே நிற்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் நடந்து மேலப்பொட்டலுக்குப் போனார். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நின்றார்.

சீனியம்மாள் வாசலில் சாக்கை விரித்து வேப்பமுத்து காயவைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். காதோரம் நரைத்திருந்தது. உள்ளே கட்டிலில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். மாசிலாமணிக்கு அவனை உடனே அடையாளம் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. எழுந்தான். தோளில் துண்டைப் போட்டான். அவரைத் தாண்டி வெளியே வந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

சீனியம்மாள் போகிற சைக்கிளைப் பார்த்தாள். வந்தவரைப் பார்த்தாள்.

“கேட்காரய்யாதானே?”

“ஆமாம்மா.”

“உக்காருங்க. அவர் அப்படித்தான் இருப்பார். அதை மனசுல வச்சுக்காதீங்க.”

அவர் உட்காரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் கோத்து வைத்திருந்தது எதுவும் இப்போது வாயில் வரவில்லை. அவளே பேசினாள்.

“உங்களை ஒரு தடவையாவது பார்த்துப் பேசணும்னு இருந்துச்சு. கேட் பக்கம் வர்றப்ப எல்லாம் நினைப்பேன். கூட இவர் இருப்பாரு. முடியாது. அப்புறம் கேட்டையே எடுத்துட்டாங்க.”

“திட்டணும்னாத் திட்டும்மா. அதுக்குத்தான் வந்தேன்.”

“திட்டவா?” அவள் கை வேப்பமுத்தைப் பரப்பிக்கொண்டே இருந்தது. “அன்னிக்கு இவர் ஒரு பக்கம் கத்துறார். ஆட்டோக்காரர் ஒரு பக்கம் ஹாரன் அடிக்கிறார். எங்க அத்தை மாரில அடிச்சுக்கிட்டு அழறாங்க. நீங்க ஒருத்தர்தான் தலையைக் குனிஞ்சு அசையாம நின்னீங்க. முன்னபின்ன தெரியாத ஒரு மனுஷன் நமக்காகக் கும்பிடுறாரேன்னு நினைச்சேன். வலி வர்றப்ப எல்லாம் உங்களைத்தான் பார்த்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். புள்ளை போனப்புறமும், எனக்காக ஒருத்தர் கும்பிட்டாரு, அது பலிக்கல, அவ்வளவுதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.”

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். சும்மா இருந்துவிடலாம். அவள் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். ஆமாம்மா என்று ஒரு தலையசைப்பு போதும். அவளுக்கும் நிம்மதி, தனக்கும் நிம்மதி. இருபத்திரண்டு வருஷப் பாரம் இந்த வாசலிலேயே இறங்கிவிடும்.

“நான் கும்பிடலம்மா” என்றார்.

அவள் கை நின்றது.

“கும்பிடல. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்ல. கீழ ஒரு புல்லு இருந்துச்சு. அதைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.”

ஒரு கோழி வந்து சாக்கின் ஓரத்தைக் கிளறியது. அவள் அதை விரட்டவில்லை. மாசிலாமணி நின்றுகொண்டே இருந்தார். அவளும் எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார்.

“என்ன புல்லு?” என்று கேட்டாள்.

“ம்?”

“என்ன புல்லு அது?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேலியோரம் போனார். சீனியம்மாளும் எழுந்து பின்னால் வந்தாள். முழங்கால் உயரத்துக்கு நின்ற ஒரு புல்லைக் காட்டினார். தண்டின் நுனியில் விரல்களை விரித்த மாதிரி கதிர்கள் நின்றன. ஊதாவும் சிவப்பும் கலந்த நிறம். மேலே மெல்லிய முடி.

“இதுதான். மயில்கொண்டைப்புல்லு. அன்னிக்குப் பேரு தெரியாது. மூணு வருஷம் கழிச்சு ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்.”

“இதுவா? எங்க வேலி பூரா இதுதானே கிடக்கு.”

“ஆமாம்மா. எங்கயும் கிடக்கும்.”

“இதையா அவ்வளவு நேரம் பார்த்தீங்க?”

“ஆமா.”

அவள் வேலியோரம் குந்தி உட்கார்ந்தாள். புல்லைத் தொடாமல் பார்த்தாள். மாசிலாமணி அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். அவள் உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

“ஏழு கதிர் இருக்கு.”

“அன்னிக்கு இருந்ததுல எட்டு. ஒண்ணு மட்டும் குட்டை.”

அவள் தலையாட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

“இருந்திருந்தா இருபத்திரெண்டு வயசு.”

“தெரியும்மா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒவ்வொரு சித்திரையும் எண்ணுவேன்.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி புல்லைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். போய்வருகிறேன் என்று சொன்னார். அவள் சரி என்றாள். வேலியைத் தாண்டித் தெருவில் திரும்பும்போது பார்த்தார். அவள் மறுபடியும் வேலியோரம் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

மடத்துக்கு அவர் வந்து சேரும்போது வெயில் இன்னும் சாயவில்லை. திலகவதி அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். மாசிலாமணி கல்லில் உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். புருஷன் எழுந்து போனதையும் சொன்னார். அம்மா அலசுவதை நிறுத்தவில்லை. ஆனால் சத்தம் வராமல் அலசினார்.

“அம்மா, நான் செஞ்சது சரியா தப்பா தெரியல. இருபத்திரண்டு வருஷமா அந்தப் பொண்ணு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. நான் போய் அதைப் பிடுங்கிட்டு வந்துட்டேனோ?”

“எதைப் பிடுங்கினீங்க?”

“கும்பிட்டேன்னு நினைச்சிருந்தாளே. இல்லன்னு சொல்லிட்டேனே.”

“அன்னிக்கு அந்தப் புல்லைப் பார்க்கிறப்ப மனசுல என்ன இருந்துச்சு?”

“புல்லுதான் இருந்துச்சு.”

“வேற?”

மாசிலாமணி யோசித்தார். இதை இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“ரயில் நகரணும், ரயில் நகரணும்னு இருந்துச்சு. அந்தப் பிள்ளை ரெண்டு உசிராப் பொழைச்சுக்கணும்னு இருந்துச்சு. புல்லுலேருந்து கண்ணை எடுத்தா ஏதோ அறுந்துபோயிடும்னு இருந்துச்சு. அதனால எடுக்கல. இமைக்கக்கூட இல்ல.”

அம்மா துணியைப் பிழிந்தார். உதறினார். கொடியில் போட்டார். திரும்பி வந்து அவருக்கு எதிரில் ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

“கொழுக்கட்டைப்புல்லை முதல்ல எப்ப பார்த்தீங்க?”

“அதுவா? தேங்காய் ஏத்திக்கிட்டு ஒரு மாட்டுவண்டி வந்து நின்னுச்சு. அதுல ஒரு மாட்டுக்குக் கால்ல புண்ணு. ஒத்தைக் காலைத் தூக்கிக்கிட்டே நின்னுச்சு. பார்க்க முடியல. அன்னிக்குப் பார்த்தேன்.”

“ஊசிப்புல்லு?”

“பரீட்சைக்கு நேரமாச்சுன்னு ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு நின்னா. எக்ஸ்பிரஸ் வேற அன்னிக்கு லேட். அய்யோ, சீக்கிரம் வந்து தொலையணுமே, இந்தப் பொண்ணு எழுதிடணுமேன்னு…”

மாசிலாமணி நிறுத்திவிட்டார். வாய் பாதி திறந்தபடி இருந்தது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்லுங்க அய்யா” என்றார். “இன்னும் நாற்பத்திநாலு புல்லு இருக்கு.”